சுழி சும்மா இருக்காது

ஆற்றில் ஆளை உள்ளிழுக்கும் நீர்ச்சுழலைச் சுழி என்கிறோம். ஒன்றுமில்லை என்பதற்கு எழுதும் வட்டமும் சுழிதான். குழந்தையின் உச்சந்தலையில் முடி வளைந்து வட்டமிடும் இடத்துக்கும் அதே பெயர். மாட்டுச் சந்தையில் சுழி பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத பையனைப் பார்த்து, "அவன் சுழி அவனைச் சும்மா இருக்க விடாது" என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு.

நீர்ச்சுழல், பூஜ்யம், தலைச்சுழி. இந்த மூன்று பொருளும் ஒன்றின்மேல் ஒன்றாக, மயிரிழையும் பிசகாமல் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகை மீக்கடத்தி; மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்களில் ஒரு வகை. அதற்குள் காந்தப்புலம் நுழையும்போது மெல்லிய தூண்களாகப் பிரிந்து நுழைகிறது. ஒவ்வொரு தூணையும் சுற்றி மின்னோட்டம் சுழல்கிறது. தூணின் நட்டநடுவே ஓர் அளவு பூஜ்யமாகிறது. அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு திசை, உச்சந்தலை முடியைப் போலவே, முழுவட்டம் அடித்துத் திரும்புகிறது. இதற்குச் சுழி என்று பெயர் வைக்க நாம் வேறு சொல் தேட வேண்டியதில்லை.

இந்தச் சுழிகள் எப்படி நகர்கின்றன என்று கணிதத்தில் எழுதிப் பார்க்க அரை நூற்றாண்டு பிடித்தது. பாட்டைப் பதம் பதமாகப் பிரித்து ருசிக்கிறவர்கள் உண்டு. சமன்பாட்டையும் அப்படி ருசிக்க இடமிருக்கிறது. இந்தக் கணிதத்தில் எனக்குப் பிடித்தது அதன் மறதி. படிக்குப் படி எதையோ விட்டுக்கொண்டே போகிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிற பாங்கைத்தான் இங்கே பாராட்டப் போகிறேன்.

*

முன்கதையைச் சுருக்கிவிடலாம். 1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸின் ஆய்வகம் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தபோது, 4.2 கெல்வினுக்குப் பக்கத்தில் அதன் மின்தடை மறைந்தது. 1933-இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும், மீக்கடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதைக் கண்டார்கள். 1937-இல் கார்கிவ் நகரில் சூப்னிகவும் கூட்டாளிகளும் ஈயக் கலவைகளில் வேறொன்றைக் கண்டார்கள். புலம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது; வந்த பிறகும் மீக்கடத்தல் சாகவில்லை. இரண்டாவது எல்லை ஒன்று வெகுதூரத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால்தான் சாவு. அதே ஆண்டு ஸ்டாலின் ஆட்சி சூப்னிகவைச் சுட்டுக்கொன்றது. அவர் அளந்த வளைகோடுகளுக்குப் பொருள் சொல்ல இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

பொருள் சொல்வதற்கான மொழியை 1950-இல் கின்ஸ்பர்கும் லாண்டவும் எழுதினார்கள். மீக்கடத்தியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கலப்பெண்ணை வைத்தார்கள். கலப்பெண்ணைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளலாம். முள்ளின் நீளம், அந்த இடத்தில் மீக்கடத்தல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சொல்லும். முள் காட்டும் திசைக்குக் கட்டம் என்று பெயர். இடத்துக்கு இடம் கட்டம் திரும்பும் விதமும் காந்தப்புலமும் சேர்ந்து, அங்கே ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

முதல் நயம் இங்கே. முட்கள் நிறைந்த அந்த வெளியில் ஒரு வளையம் போட்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வருகிறோம். வழியெல்லாம் முள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் வந்து சேர்ந்ததும் அது பழைய திசையையே காட்டியாக வேண்டும். ஓர் இடத்துக்கு இரண்டு முள் கிடையாது. ஆகவே முள் சுற்றாமலே வரலாம், ஒரு சுற்று சுற்றி வரலாம், இரண்டு சுற்றி வரலாம். ஒன்றரைச் சுற்று நடவாது. முழு எண்ணை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. 'ஓர் இடத்துக்கு ஒரே சொல்' என்ற நாணயத்திலிருந்து அது தானே பிறக்கிறது.

இனி அந்த வளையத்தைச் சுருக்கிக்கொண்டே வருவோம். சுற்று ஒன்று என்றால் கடைசிவரை ஒன்றுதான். ஒன்று மெல்லத் தேய்ந்து முக்காலாகி அரையாகி மறைய வழியில்லை. வளையம் ஒரு புள்ளியாகக் குறுகும்போது, அந்தப் புள்ளியில் முள் எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டியதாகிறது. தப்பிக்க ஒரே வழி, முள்ளின் நீளம் பூஜ்யமாகிவிடுவது. நீளமில்லாத முள்ளிடம் திசை கேட்பாரில்லை. தலைச்சுழியின் நடுவில் நின்றுகொண்டு முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க முடியாது அல்லவா, அப்படி. சுழல் இருக்கும் இடத்தில் பூஜ்யம் இருந்தே தீரும். நம் மொழியில் ஒரு சொல்லுக்கு வாய்த்த இரண்டு பொருளை, இந்தச் சமன்பாடு ஒரு தேற்றமாகச் சொல்கிறது.

ஒரு சுற்றுக்கு உரிய காந்தப்பாயமும் அதோடு நிர்ணயமாகிறது: 2.07 × 10⁻¹⁵ வெபர். பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரட்டிப்பால் வகுத்தால் வரும் எண். நியோபியமா ஈயக் கலவையா, கம்பியா தகடா என்ற பேதம் இதற்கில்லை. வகுக்கும் அந்த 'இரட்டிப்பு' ருசியான விஷயம். ஃபிரிட்ஸ் லண்டன் இப்படியோர் அளவு இருக்க வேண்டும் என்று முன்பே கணித்திருந்தார். 1961-இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் அளந்து பார்த்தபோது, அவர் சொன்னதில் சரிபாதிதான் இருந்தது. எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகவே நடக்கின்றன என்பதற்கு அந்தப் பாதி சாட்சி.

இந்தச் சின்ன எண்ணின் கனத்தை உணர ஒரு கணக்குப் போடலாம். 1 டெஸ்லா புலத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 48 கோடி சுழிகள். பக்கத்துப் பக்கத்துச் சுழிகளுக்கு இடையே சுமார் 49 நானோமீட்டர். 70 மைக்ரான் தடிமனுள்ள ஒரு தலைமுடியைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வட்டத்துக்குள் ஏறத்தாழ பதினெட்டரை லட்சம் சுழிகள் நிற்கும். தலைமுடி சுழியில் நிற்பது போய், ஒரு முடிக்குள் இத்தனை லட்சம் சுழி.

*

ஒவ்வொரு சுழிக்கும் இரண்டு அகலம் உண்டு. முள் குட்டையாக இருக்கும் மையம் ஒன்று. மின்னோட்டமும் புலமும் பரவியிருக்கும் வெளிவட்டம் மற்றொன்று. வெளிவட்டத்தை மையத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குக் கப்பா என்று பெயர். கின்ஸ்பர்க்–லாண்டவ் சமன்பாட்டை அலகுகள் நீக்கி எழுதினால், பொருளுக்குப் பொருள் மாறுவதாக மிஞ்சுவது இந்த ஓர் எண்தான். இட்ரியம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு மீக்கடத்தியில் மையம் ஒன்றிரண்டு நானோமீட்டர். வெளிவட்டம் சுமார் 150. கப்பா நூறை ஒட்டி நிற்கிறது.

கப்பாவுக்கு ஓர் எல்லைக்கல் உண்டு. 1-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 0.707. அதற்குக் கீழே இருந்தால் சுழிகள் ஒன்றையொன்று இழுக்கும், தனித்தனியே நிற்காது, அது முதல் வகை. மேலே போனால் ஒன்றையொன்று தள்ளும், இரண்டாம் வகை. சரியாக எல்லைக்கல்லின் மேலேயே நின்றால்? 1976-இல் பொகமோல்னி காட்டினார்: இழுப்பும் தள்ளலும் மிச்சமில்லாமல் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. பிறகு டௌப்ஸ் நிரூபித்தார்: அந்த நிலையில் சுழிகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எல்லா வைப்புக்கும் ஆற்றல் ஒன்றே. மாமியார் மருமகள் இருவருக்கும் உறவும் இல்லை பகையும் இல்லை என்கிற வீடு போல.

உச்சந்தலையில் ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம் என்று நம் ஊரில் கேலி செய்வார்கள். இரண்டாம் வகை மீக்கடத்தியில் ரெட்டைச் சுழி நிலைக்காது. ஆற்றல் கிட்டத்தட்டச் சுற்றெண்ணின் வர்க்கமாக ஏறும். இரண்டு சுற்றுள்ள ஒரு சுழிக்கு நான்கு பங்கு செலவு. ஒரு சுற்றுள்ள இரண்டு சுழிகளுக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டு. உடனே பாகப்பிரிவினைதான்.

பிரிந்த சுழிகள் எப்படி வரிசைகட்டி நிற்கும் என்பதை லாண்டவின் மாணவர் அப்ரிகோசவ் கண்டுபிடித்தார். அவருடைய நண்பர் சவரித்ஸ்கி மெல்லிய உலோகப் படலங்களை அளந்தபோது, கோட்பாட்டோடு ஒத்துவராத எண்கள் வந்தன. கின்ஸ்பர்கும் லாண்டவும் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்த, எல்லைக்கல்லுக்கு அப்பாலுள்ள பக்கத்தை மாணவர் திறந்து பார்த்தார். 1953-இல் சுழிகளின் வரிசை தாளில் வந்துவிட்டது. லாண்டவ் ஒப்பவில்லை. சுழலும் திரவ ஹீலியத்திலும் இத்தகைய சுழிகள் உண்டு என்று 1955-இல் ஃபெய்ன்மன் எழுதிய பிறகே ஆசிரியர் மனம் மாறியது. கட்டுரை 1957-இல் வெளிவந்தது. நோபல் பரிசு 2003-இல் வந்தது.

அப்ரிகோசவின் உத்தியிலும் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. புலம் அந்த இரண்டாவது எல்லையை, அதாவது மேல் எல்லையை, நெருங்கும்போது முட்கள் எல்லாம் குட்டையாகிவிடும். குட்டை முள்ளின் மூன்றாம் அடுக்கு மிகமிகக் குட்டை. முதல் பார்வைக்கு அதை விட்டுவிடலாம். விட்டதும் எஞ்சுவது, காந்தப்புலத்தில் ஓடும் ஒற்றைத் துகளுக்கு எழுதும் பழகிய சமன்பாடு. அதன் தீர்வுகளைச் சம இடைவெளியில் அடுக்கிக் கூட்டினால், பூஜ்யங்கள் புள்ளிக்கோலம் போல வரிசையில் வந்து விழுகின்றன. இனி ஒரே கேள்வி: நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா? வாசலில் கோலம் போடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

விடை சொல்வது ஒரே ஓர் எண். முள் நீளத்தின் நான்காம் அடுக்கைச் சராசரி எடுத்து, வர்க்கச் சராசரியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எந்தக் கோலத்துக்கு அது சின்னதோ, அந்தக் கோலம் நிற்கும். நேர்ப்புள்ளிக்கு 1.18 வந்தது. அதுவே சிறந்தது என்று அப்ரிகோசவ் எழுதினார். கணக்கில் ஒரு சின்ன எண்பிழை. 1964-இல் கிளைனர், ராத், ஆட்லர் மூவரும் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது ஊடுபுள்ளிக்கு 1.16 வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்த இரண்டைக்கூட இயற்கை விட்டுக்கொடுக்கவில்லை. 1967-இல் ஸ்டுட்கார்ட் நகரில் எஸ்மனும் டிராய்ப்லெவும், குளிர்ந்த மீக்கடத்தியின் முகத்தில் காந்த உலோகத்தின் நுண்துகளைப் படியவிட்டார்கள். புலம் வெளியே தலைநீட்டும் இடங்களில் மட்டும், கோலமாவு போல, துகள் விழுந்து நின்றது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டை வீடு. ஊடுபுள்ளிக் கோலம்.

*

இதுவரை கோலம் அசையவில்லை. மீக்கடத்தி வழியே வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தினால் அசையத் தொடங்கும். ஓட்டத்துக்கும் புலத்துக்கும் செங்குத்தான பக்கமாக ஒவ்வொரு சுழியும் தள்ளப்படுகிறது. சுழி நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும், சூடு பிறக்கும். தடையே இல்லை என்று பெயர் வாங்கிய பொருளில், பின்வாசல் வழியாகத் தடை வந்து உட்காரும். ஆகவே 'சுழி எப்படி நகர்கிறது' என்ற கேள்வியில்தான் மீக்கடத்தியின் மானம் இருக்கிறது.

கின்ஸ்பர்க்–லாண்டவ் மொழியில் காலத்தையும் சேர்த்து எழுதும் வேலையை ஷ்மிட் 1966-இலும், கோர்கவும் எலியாஷ்பெர்கும் 1968-இலும் செய்தார்கள். சமன்பாடு கையில் இருக்கிறது, தீர்க்கத்தான் முடியாது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 48 கோடிச் சுழி, ஒவ்வொன்றின் மையமும் சில நானோமீட்டர் என்றால் எந்தக் கணினி தாங்கும்? மறதி இங்கே உதவிக்கு வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜொனாதன் சாப்மன் 2000-இல் இந்த மாதிரிகளை எல்லாம் மாடிப்படி போல வரிசைப்படுத்திக் காட்டினார். மேல்படியில் நிற்பது முட்களின் முழுச் சமன்பாடு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒன்றை விட்டுவிட்டு இறங்குகிறோம்.

முதல் படியில் முட்களை விட்டுவிட்டுப் பூஜ்யங்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். எப்படி விடுவது? கணிதர்கள் இரண்டு படம் எடுக்கிறார்கள். ஒன்று, மையத்துக்கு மிக அருகே பூதக்கண்ணாடி வைத்து எடுத்தது. அதில் மற்றச் சுழிகள் தெரியாது. நடுவில் ஒரு பூஜ்யமும் சுற்றும் முட்களும் மட்டுமே. மற்றொன்று, தூரத்தில் நின்று எடுத்தது. அதில் மையம் வெறும் புள்ளி. இரண்டு படத்தையும் ஓரம் ஓரமாக ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒரு நிபந்தனை முளைக்கிறது: சுழி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நகர்ந்தால் மட்டுமே இரண்டு படமும் மடிப்பில்லாமல் சேரும். சுழியின் வேகத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. உள்ளும் புறமும் ஒத்துப்போக வேண்டும் என்பதிலிருந்து அது தானாக உதிர்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜான் நியூ 1990-இல் இதற்கு உறவான எளிய சமன்பாடுகளில் இந்த வழியைக் காட்டினார். மீக்கடத்திக்கு அதை எடுத்து வந்தவர்களில் வைனான் ஈயும் சாப்மனும் முக்கியமானவர்கள்.

கிடைத்த விதி, நியூட்டனைப் படித்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். தள்ளினால் வேகம் ஏறிக்கொண்டே போகாது. தள்ளும் அளவுக்கு வேகம். கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். சேற்றில் இழுபடும் மரக்கட்டையின் கதிதான். தண்ணீர்ச் சுழலோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். 1858-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய விதிப்படி, உராய்வற்ற நீரில் ஒரே பக்கம் சுழலும் இரண்டு சுழல்கள், கும்மியடிப்பது போல ஒன்றையொன்று சுற்றி வரும், இடைவெளி மாறாது. மீக்கடத்தியில் அதே இரண்டு சுழிகள், இருவரையும் இணைக்கும் நேர்கோட்டிலேயே ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும். எதிர்ப்பக்கம் சுழலும் இரண்டு நெருங்கி, மோதி, இல்லாமல் போகும். ஒன்றும் கழித்தல் ஒன்றும் கூடினால் சுழிதானே.

விலகும் விசைக்கும் ஒரு நயம் உண்டு. பெஸ்ஸல் குடும்பத்துச் சார்பு ஒன்று அதை ஆள்கிறது. பக்கத்தில் இருந்தால் ஆற்றல் மடக்கையாக ஏறுகிறது. வெளிவட்ட அகலத்தைத் தாண்டிவிட்டால் அடுக்குக்குறியாகச் சரிந்து, மளமளவென்று ஒன்றுமில்லாமல் போகிறது. அருகிலிருப்பவரோடு ஓயாத உரசல், தெருக்கோடியில் இருப்பவரைத் தெரியவே தெரியாது.

மறந்த மையமும் முழுக்க மறைந்துவிடுவதில்லை. சுழியின் ஆற்றலில் அது கப்பாவின் மடக்கையாக ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கப்பா 100 என்றால் அதன் மடக்கை 4.6. நூறு மடங்கு வித்தியாசத்தை நாலரையாகச் சுருக்கி ஞாபகம் வைத்திருக்கும் மறதி இது. போன விருந்தாளி வாசனை மட்டும் விட்டுப் போவது போல.

சுழி தூணாக நேரே நில்லாமல் வளைந்திருந்தால் இன்னொன்றும் நடக்கும். நீளத்துக்கு நீளம் ஆற்றல் செலவாவதால், இழுத்துக்கட்டிய நூல் போல அது நிமிரப் பார்க்கும். எங்கே வளைவு அதிகமோ அங்கே வேகம் அதிகம். சுழி ஒரு வளையமாக மூடியிருந்தால், சுருங்கச் சுருங்க வளைவு கூடும், வளைவு கூடக்கூட வேகம் கூடும். கடைசி நொடியில் விரைந்து தன்னைத்தானே விழுங்கிவிடும்.

இழுபடும் சேறு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பார்டீனும் ஸ்டீஃபனும் 1965-இல் விடை தந்தார்கள். சுழியின் மையத்தில் மீக்கடத்தல் இல்லை. அங்கே சாதாரண உலோகம். நகரும்போது அந்தச் சாதாரணப் பகுதி வழியே மின்னோட்டம் போய்ச் சூடாகிறது. அவர்கள் கண்ட விதி ஒரு வரி: சுழி ஓட்டத்தின் மின்தடைக்கும் சாதாரண உலோகத்தின் மின்தடைக்கும் உள்ள விகிதம், புலத்துக்கும் மேல் எல்லைப் புலத்துக்கும் உள்ள விகிதம். மொத்தப் பரப்பில் மையங்கள் எத்தனை பங்கை அடைத்திருக்கின்றனவோ, சாதாரண உலோகத்தின் குணத்தில் அத்தனை பங்கு திரும்பி வருகிறது. நகர்ச்சியைப் பற்றிய சிக்கலான கேள்விக்குப் பரப்பளவுக் கணக்கே விடையாகிவிட்டது.

*

அடுத்த படியில் தனிச்சுழிகளையும் விட்டுவிடுகிறோம். 48 கோடிப் பேரை ஆளாளாகப் பின்தொடர்வது யாருக்கு வேண்டும்? ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்ற அடர்த்தி போதும். 1996-இல் சாப்மன், ரூபின்ஸ்டைன், ஷாட்ஸ்மன் மூவரும் இந்தச் சராசரி மாதிரியை எழுதினார்கள். அதன் உயிர்நாடி ஒரு வாக்கியம்: சுழி நடுவழியில் பிறப்பதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை, ஓரத்தில்தான் நுழையும், ஓரத்தில்தான் வெளியேறும், எதிர்ச்சுழியோடு சேர்ந்தால்தான் அழியும். முள் போயிற்று, மையம் போயிற்று, தனிச்சுழியும் போயிற்று. எண்ணிக்கை மட்டும் போகவில்லை. முதல் வளையத்தில் பிறந்த அந்த முழு எண், இங்கே பாதுகாப்பு விதியாக உயிரோடிருக்கிறது.

வெளிவட்டத்தைவிடப் பெரிய தூரங்களில் பார்த்தால் மாதிரி இன்னும் எளிதாகும். சுழிகள் நெருக்கமான பக்கத்திலிருந்து கலைந்த பக்கம் நோக்கிப் பரவுகின்றன. சூடும் அப்படித்தான் பரவுகிறது; ஆனால் ஒரு பேதம். கம்பியின் ஒரு முனையைச் சுட்டால், கணக்குப்படி மறுமுனையில் அதே கணம் அணுவளவு சூடு ஏறிவிடும். சுழிப் பரவலில் பரவும் சுலபமே அடர்த்தியைப் பொறுத்தது. சுழியே இல்லாத இடத்தில் பரவலுக்கு வழியில்லை. அதனால் முன்னணி ஒரு கூர்மையான கோடாக நகரும்: இந்தப் பக்கம் சுழிகள், அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. காய்ந்த வயலில் மடை திறந்தால் நனைந்த மண்ணுக்கும் உலர்ந்த மண்ணுக்கும் நடுவே ஒரு விளிம்பு ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நுண்துளை மண்ணில் ஊடுருவும் பாய்மத்துக்கு எழுதும் சமன்பாடும் இதுவும் ஒரே குடும்பம்.

கடைசிப் படியில் நகர்ச்சியையே விட்டுவிடுகிறோம். இதுவரை நம் மீக்கடத்தி மாசு மறுவில்லாத படிகம். அப்படிப்பட்ட படிகத்தில் சுழியைத் தடுக்க எதுவுமில்லை. மின்னோட்டம் செலுத்திய மறுநொடி கோலம் முழுவதும் வழுக்கிக்கொண்டு ஓடும், தடை வந்துவிடும். நடைமுறையில் கம்பியைக் காப்பாற்றுவது அதன் குறைகள். சாதாரண உலோகத் துணுக்கு, படிகம் இடம்பெயர்ந்த கோடு, வேற்றுப்பொருளின் மணி எதுவானாலும் சரி, சுழியின் மையம் அதில் போய் உட்கார்ந்தால் செலவு மிச்சம். எப்படியும் மையத்தில் மீக்கடத்தல் செத்துத்தான் கிடக்கிறது; ஏற்கெனவே செத்த இடத்தில் போய் உட்கார்ந்தால் புதிதாகக் கொல்ல வேண்டியதில்லையே. நியோபியம்–டைட்டேனியம் கம்பி செய்கிறவர்கள் அதை இழுத்து இழுத்து, சூடேற்றிச் சூடேற்றி, உள்ளே டைட்டேனியத் துணுக்குகளை வேண்டுமென்றே வளர்ப்பது இதற்காகத்தான்.

இத்தனை குறைகளின் கணக்கை யார் எழுதுவது? ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் சார்ல்ஸ் பீன் 1962-இல் ஒரே எண்ணில் எழுதினார். உந்தும் மின்னோட்ட அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் சுழி அசையாது. மேலே போனால் அசைந்து, நெருக்கத்தின் சரிவைக் குறைத்துக்கொண்டு, மறுபடி வரம்பில் வந்து நிற்கும். ஆகவே சுழிகள் நுழைந்த இடமெல்லாம் அடர்த்தியின் சரிவு அந்த வரம்பளவே இருக்கும். ஆற்று மணலைக் கொட்டிப் பாருங்கள். குவியல் உயரும், அகலும். சரிவு மட்டும் மாறாது. மணல் கூடினால் ஒரு சறுக்கு, மறுபடி அதே சரிவு. இந்த மணல்மேட்டு உவமையை டி ஜென் எடுத்தாண்டார். உவமை என்று நினைத்தது உவமையைத் தாண்டியது: 1996-இல் பிரிகோஷின், மணல்மேடு வளர்வதையும் பீன் மாதிரியையும் ஒரே வகை மாறுபாட்டுச் சமனின்மைகளால் எழுதிக் காட்டினார்.

மணல்மேட்டுக்கு ஞாபகமும் உண்டு. புலத்தை ஏற்றிவிட்டு இறக்கினால், சுழிகள் வந்த வழியே ஒழுங்காகத் திரும்பிப் போவதில்லை. ஓரத்தில் ஒரு எதிர்ச்சரிவு விழும். உள்ளே பழைய மேடு அப்படியே நிற்கும். புலத்தை ஏற்றி இறக்கிய வரலாறு முழுவதும் மேடும் பள்ளமுமாக உள்ளே எழுதப்பட்டிருக்கும்.

அசையாது என்றதும் கொஞ்சம் மிகைதான். 1962-இல் கிம் குழுவினர் மீக்கடத்திக் குழாய்களில் பார்த்தார்கள்: நிலைத்த மின்னோட்டம் மிக மெல்லத் தேய்கிறது. ஆண்டர்சன் அதே ஆண்டு காரணம் சொன்னார்: வெப்பத்தின் நடுக்கத்தில் எப்போதாவது ஒரு சுழிக் கட்டு தன் பள்ளத்திலிருந்து துள்ளி அடுத்த பள்ளத்தில் விழுகிறது. தேய்மானம் காலத்தின் மடக்கையாக நடக்கிறது. முதல் நொடியிலிருந்து பத்தாம் நொடிவரை எவ்வளவு தேய்கிறதோ, பத்திலிருந்து நூறுவரையும் அவ்வளவுதான். முதல் ஓர் ஆண்டில் இப்படி ஏழரைப் படி. அடுத்த தொண்ணூற்றொன்பது ஆண்டு முழுவதற்கும் இன்னும் இரண்டே படி.

*

மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். மேலே, ஒவ்வொரு புள்ளியிலும் திசை காட்டும் முள். கீழே, சரிவு இவ்வளவு என்ற ஒற்றை எண். ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் கிடக்கும் பெரிய ஹாட்ரான் மோதுவானின் காந்தங்கள் 1.9 கெல்வினில் 8.33 டெஸ்லாவுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்குக் கம்பி தேர்ந்தவர்கள் கையில் வைத்துப் பார்த்தது அந்தக் கடைசி எண்ணைத்தான். முள்ளும் பூஜ்யமும் அவர்கள் தாளில் இல்லை. இருந்தாலும் அந்த எண், முள்ளுக்குத் திசை இல்லாத புள்ளியிலிருந்து ஒவ்வொன்றாக விட்டு விட்டு இறங்கி வந்த வாரிசு.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும், காது கிழியும் தட்டல் சத்தம். அது புலத்தை நொடிக்கு நொடி மாற்றும் சிறு சுருள்களின் சத்தம். பெரிய காந்தம் ஓசை எழுப்புவதில்லை. அதன் நியோபியம்–டைட்டேனியம் கம்பிக்குள், 4 கெல்வின் குளிரில், எண்ணி முடியாத சுழிகள் ஒவ்வொன்றும் ஒரு மின்னோட்டத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூஜ்யம். ஒவ்வொன்றையும் மின்னோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கம்பியை இழுத்தவர் உள்ளே வைத்த ஒரு குறை ஒவ்வொன்றின் காலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சுழி சும்மா இருக்காது என்று பாட்டி சொன்னது சரிதான். அதைச் சும்மா இருக்கவைக்க இவ்வளவு கணக்கும், கொஞ்சம் அழுக்கும் வேண்டியிருந்தது.